சுடுகாட்டுப் பாதையில் வேலி: மனுவா, ஜேசிபியா?

பெங்களூர்_கடைசி_பஸ்
ஞாயிறு, இரவு 10.50

எங்க ஊர் தர்மபுரி மாவட்டம். ஊர்ப் பேரு வேண்டாம், இங்க படிக்கிறவங்கள்ல நாலு பேருக்குத் தெரிஞ்சுடும். நான் பெங்களூர்ல எலக்ட்ரிக் வேலை, பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா ஊருக்கு வருவேன்.

எங்க காலனியில இருந்து சுடுகாட்டுக்கு ஒரு வண்டிப்பாதை. தாத்தா காலத்துல இருந்து அதுலதான் பொணம் போகும். போன தை மாசம் அந்தப் பாதைக்கு ரெண்டு பக்கமும் நிலம் வச்சிருக்கிறவர் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்துட்டார். கேட்டா "என் பட்டா"ங்கிறார். ஆடியில எங்க ஆயா செத்துப்போச்சு. ஏரிக்கரை சுத்தித்தான் தூக்கிட்டுப் போனோம். மழை பேஞ்சு கரை முழுக்க வழுக்கல். முன்னால தோள் கொடுத்த மச்சான் முழங்கால் போட்டு விழுந்தான். பாடையைத் தாங்கிப் பிடிச்சுட்டோம், ஆனா பிடிக்கும்போது ஆயாவோட கை ஒண்ணு வெளியே வந்து தொங்கிச்சு. அது கண்ணை விட்டுப் போக மாட்டேங்குது.

அன்னைக்கு ராத்திரியே பசங்க ஜேசிபிக்குச் சொல்லிட்டாங்க. வாடகை பேசியாச்சு. சித்தப்பாதான் போய் டிரைவர்கிட்ட என்னவோ சொல்லித் திருப்பி அனுப்பினார். "அறவழியில போவோம்ப்பா" என்றார். "அறவழின்னா ஏரிக்கரை வழிதானே சித்தப்பா"ன்னு ஒருத்தன் கேட்டான். யாரும் சிரிக்கல.

மனு ரெண்டு கொடுத்தாச்சு. ரசீது இருக்கு, வேற ஒண்ணும் இல்ல. நேராவே கேக்கிறேன். அகிம்சையால நிஜமா ஏதாவது நடந்திருக்கா, இல்ல பாடப் புத்தகத்துல மட்டும்தானா? நம்ம பக்கத்து உதாரணமா இருந்தா சொல்லுங்க.


கல்மூக்கு
ஞாயிறு, இரவு 11.15

ஜேசிபி நம்பர் அனுப்பவா?

சும்மா சொல்லல. மனு கொடுக்கிறது நம்ம வேலை, அதை வச்சு வடை மடிக்கிறது அவங்க வேலை. வேலி நட அவருக்கு ஒரு ராத்திரி போதும், எடுக்க நமக்கு மூணு வருஷம் ஆகணுமா?


அரூர்_வாத்தியார்
திங்கள், காலை 6.20

தம்பி, முதலில் ஆயாவுக்கு என் அஞ்சலி.

நம் பக்கத்து உதாரணம் கேட்டீர்கள். அரூரிலிருந்து சித்தேரி மலையடிவாரம் போனால் வாச்சாத்தி. பேர் தெரிந்திருக்கும், ஆனால் இன்றைய பையன்கள் பலருக்குப் பேர் மட்டும்தான் தெரிகிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை எல்லாம் சேர்ந்து ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், தானியத்தைக் கொட்டினார்கள், ஆடு மாடுகளைக்கூட விடவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தூக்கிச் சிறையில் போட்டார்கள். ஊர் காலியாகிவிட்டது.

அப்போது அந்த மலைவாழ் மக்களிடம் என்ன இருந்தது? பணம் கிடையாது, படிப்பு கிடையாது. எதிரில் நின்றது அரசாங்கமே. ஒருவன் அரிவாள் எடுத்திருந்தால் அன்றைக்கே அது "கடத்தல்காரர்கள் தாக்குதல்" என்று எழுதப்பட்டிருக்கும். பாதிக்கப்பட்டவர்கள் எல்லோரும் குற்றவாளிகளாகியிருப்பார்கள். அந்தக் கதையைச் சோடிக்கத்தான் அவர்கள் காத்திருந்தார்கள்.

மக்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார்கள், அவ்வளவுதான். மலைவாழ் மக்கள் சங்கத்துக்காரர்கள் துணை நின்றார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் நல்லசிவன் கோர்ட்டுக்குப் போனார். 1995ல் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. அந்தப் பெண்கள் அதிகாரிகளுக்கு எதிரே நின்று, இவன் இவன் என்று அடையாளம் காட்டினார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதற்குள் செத்துப்போன 54 பேர் நீங்கலாக, மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள். ஒருவர்கூட விடுதலை இல்லை. அப்பீல் போனார்கள். 2023ல் உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் நேரில் வாச்சாத்திக்கே வந்து பார்த்துவிட்டுப் போய், அதே செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்தார். அந்த 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் என்றார். அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார்.

ஒரு மலையடிவாரக் கிராமம் 215 அரசு ஊழியர்களை ஒரு கல்லும் எறியாமல் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. உலகத்தில் வேறெங்கே நடந்தது என்று எனக்குத் தெரியாது.


மொரப்பூர்_ஜங்ஷன்
திங்கள், காலை 9.05

வாத்தியார் ஐயா, மரியாதையோடவே சொல்றேன். நீங்க கணக்கைப் பாதிதான் போட்டீங்க.

1992ல இருந்து 2023. 31 வருஷம். அன்னைக்குப் பள்ளிக்கூடம் போன பிள்ளை இன்னைக்குப் பாட்டி ஆகியிருக்கும். குற்றவாளியில 54 பேர் தீர்ப்பைப் பாக்காமலே செத்தான், ஆமா. அவன் சம்பளம் வாங்கி, ரிட்டயர் ஆகி, பென்ஷன் வாங்கி, வீட்டுக் கட்டில்ல படுத்துச் செத்தான். பாதிக்கப்பட்ட சனத்துலயும்தான் தீர்ப்பைப் பாக்காம செத்தாங்க. அவங்களை யாரு எண்ணினாங்க?

அகிம்சை ஜெயிச்சதுன்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். அந்த ஜெயிப்புக்கு வட்டி கட்டினது யாருன்னும் சேத்துச் சொல்லுங்க. காத்திருக்கச் சொல்றவன் எப்பவும் காத்திருக்க வேண்டியவனா இருக்கறதில்ல.


அரூர்_வாத்தியார்
திங்கள், காலை 9.40

நீங்கள் சொல்வது சரி. மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

ஒன்று மட்டும். அவர்கள் 31 வருஷம் காத்திருக்கவில்லை. 31 வருஷம் வேலை செய்தார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறினார்கள். அன்றைய கூலியை விட்டார்கள். இரண்டும் வேறு வேறு.


குமாஸ்தா_நாலுரோடு
திங்கள், மதியம் 1.30

பெங்களூர் தம்பிக்கு. தத்துவம் பேசப் பெரியவங்க இருக்காங்க. நான் வக்கீல் குமாஸ்தா, 22 வருஷமா காகிதம் தூக்கறவன். காகிதத்தைப் பத்தி மட்டும் சொல்றேன்.

முதல்ல புலப்படம் வாங்கு, நிலத்தை அளந்து வரைஞ்ச சர்வே படம். எஃப்.எம்.பி. என்பாங்க. உன் சித்தப்பாகிட்ட சர்வே நம்பர் இருக்கும். படத்துல பாதை புள்ளிக்கோடா இருக்கா, 'அ' பதிவேட்டுல (கிராமத்து நிலக் கணக்குப் புத்தகம்) வண்டிப்பாதைன்னு இருக்கான்னு பாரு. ரெண்டுலயும் இருந்தா அவர் பட்டா பேச்சு நிக்காது. பட்டாவுக்குள்ளயே பாதை ஓடினாலும் அனுபவ உரிமைன்னு ஒண்ணு இருக்கு, அது சிவில் கோர்ட் சமாச்சாரம், இழுக்கும்.

அடுத்தது, உங்க மனுவுல என்ன எழுதினீங்க? "பாதை வசதி செய்து தர வேண்டுகிறோம்"னு எழுதியிருந்தா அது பிச்சை. கிழிச்சுப் போடு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல 2016 ஜனவரி 26ல இருந்து நடைமுறைக்கு வந்த திருத்தம் இருக்கு. பட்டியல் சாதிக்காரங்க சுடுகாட்டையோ பொதுப் பாதையையோ மத்தவங்களைப் போல பயன்படுத்த முடியாமத் தடுத்தா அதுவே குற்றம். 3(1)ல இசட்.ஏ. உட்பிரிவு. அதைப் போட்டு எழுது. மனு அதே மனுதான், வாங்கறவர் முகம் மாறும்.

கடைசியா ஜேசிபி. கல்மூக்கு தம்பி நம்பர் கொடுக்கட்டும், ஆனா வர்ற எஃப்.ஐ.ஆரில் அவர் பேரு இருக்காது. வேலி சாஞ்ச மறுநாள் கேஸ் உன் மேல. போலீஸ் வேலைக்கு எழுதற பையன் எத்தனை பேர் உங்க காலனியில? வெரிஃபிகேஷன்ல ஒத்த வரி போதும். குற்ற நடைமுறைச் சட்டத்துல முன்னாடி 107னு சொல்வோம், இப்ப புது சட்டத்துல 126. அதுல ரெண்டு தரப்பையும் சமமா நிறுத்தி "அமைதியா இருக்கேன்"னு எழுதி வாங்கிடுவாங்க. மறிச்சவனும் மறிக்கப்பட்டவனும் ஒரே வரிசையில. வேலி போட்டவருக்கு அதைவிட நல்ல தீர்ப்பு கிடைக்காது.


கல்மூக்கு
திங்கள், மதியம் 1.52

குமாஸ்தா அண்ணா சொன்னது மட்டும்தான் இதுவரைக்கும் உருப்படி. நம்பர் அனுப்பறதை நிறுத்தி வைக்கிறேன்.


தொரப்பள்ளி_பையன்
திங்கள், மாலை 7.10

அகிம்சைன்னா கையைக் கட்டிக்கிட்டு நிக்கறதுன்னு எல்லாரும் நினைக்கிறதால ஒண்ணு சொல்லணும். எங்க ஊரு ஒசூர் பக்கம் தொரப்பள்ளி. ராஜாஜி பொறந்த வீடு இன்னும் இருக்கு, நினைவில்லமா.

1930 ஏப்ரல் 13 அன்னைக்கு அவர் உப்பு எடுக்கத் திருச்சியில இருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார், நூறு பேர் கிட்ட. 150 மைல். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் ஒரு உத்தரவு போட்டான். இவங்களுக்குச் சோறு போட்டா, தங்க இடம் கொடுத்தா ஜெயில். கெட்டிக்காரன் அவன். நடக்கறவங்களை அடிக்கல, சோத்தைத்தான் அடிச்சான். சனம் என்ன செஞ்சுதுன்னா, சோத்தைப் பொட்டலம் கட்டி வழியில மரத்துல தொங்க விட்டுடுச்சு. யாரும் யாருக்கும் பரிமாறல. மரத்துல இருக்கு, எடுத்துக்கிட்டான். மரத்து மேலயா கேஸ் போடுவே?

எனக்கு இதுல பிடிச்சது உப்பு இல்ல, அந்தப் பொட்டலம்தான். எவ்வளவு பேரு முன்கூட்டியே பேசி வச்சிருக்கணும் பாருங்க. எந்த மரம், எத்தனை மணிக்கு, எத்தனை பேருக்கு. பயந்தவன் செய்யற வேலையா அது?

(இன்னொண்ணு, யாருக்கும் பெருசா தெரியாது. இதே ஆள் 1962ல, 83 வயசுல, அணுகுண்டு சோதனையை நிறுத்துன்னு சொல்ல அமெரிக்கா போய் கென்னடியைப் பாத்துட்டு வந்தார்.)


நாயக்கன்கொட்டாய்_காத்து
திங்கள், இரவு 8.25

அந்தக் கென்னடியைப் பாத்த ராஜாஜிதான் 1953ல குலக்கல்வியும் கொண்டுவந்தார். அரை நாள் பள்ளிக்கூடம், அரை நாள் அப்பன் தொழில். அகிம்சைக்காரர் கையில பேனா இருந்தா அது என்ன எழுதுச்சுன்னும் பாக்கணும்.

எங்க ஊரைப் பத்தியும் சொல்லணும். எண்பதுகளுக்கு முன்னாடி இந்தப் பக்கம் டீக்கடையில ரெட்டை கிளாஸ். எங்களுக்குக் கொட்டாங்குச்சி, இல்லன்னா தனி கிளாஸ். அதை நிறுத்த இங்க இறங்கினவங்க காந்திக்காரங்க இல்ல, நக்சல்பாரி பசங்க. கந்துவட்டிக்காரனை எதிர்த்து நின்னதும் அவங்கதான். அவங்க தலைவர்கள்ல ஒருத்தர் பாலன், 1980ல போலீஸ் பிடியில செத்தார். அப்புவும் அவங்கள்ல ஒருத்தர், ரெண்டு பேருக்கும் எங்க ஊர்ல நினைவுச் சின்னம் இருக்கு. எங்கப்பா சொல்வார், அந்தக் காலத்துல ஊர்க்காரனும் காலனிக்காரனும் ஒரே தாவாரத்துல உக்காந்து கூட்டம் நடத்தினாங்கன்னு.

மனு கொடுத்து கிளாஸ் மாறல.


அரூர்_வாத்தியார்
திங்கள், இரவு 9.15

உங்கள் அப்பா சொன்னது உண்மை. நானும் பார்த்திருக்கிறேன். அவர்கள் தைரியத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் இதையும் யோசியுங்கள். கிளாஸை மாற்றியது துப்பாக்கியா, அந்தத் தாவாரமா? ஊர்க்காரனும் காலனிக்காரனும் சேர்ந்து உட்கார்ந்ததுதான் மாற்றியது என்பது என் எண்ணம். துப்பாக்கி வந்தபின் போலீஸ் வேட்டை வந்தது. பையன்கள் செத்தார்கள், மிச்சம் பேர் தலைமறைவு. தாவாரத்தில் உட்கார ஆள் இல்லை. அந்த இடம் வெறுமையாய்க் கிடந்தது. அதில் வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்து சாதி பேசினார்கள். 2012 நவம்பர் 7 அன்று உங்கள் பக்கத்து நத்தம் காலனியும் அண்ணா நகரும் கொண்டம்பட்டியும் சாதிக் கும்பல் வைத்த தீயில் எரிந்தபோது, அந்த நினைவுச் சின்னம் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. 250 வீடுகளுக்கு மேல்.


நாயக்கன்கொட்டாய்_காத்து
திங்கள், இரவு 10.02

அந்தத் தீயில எங்க அக்கா வீடும் போச்சு. சர்ட்டிபிகேட் எல்லாம் எரிஞ்சுது. கல்யாணத்துக்குன்னு சேத்த ஒன்றரை பவுன்.

அன்னைக்கு நாங்க திருப்பி அடிக்கல ஐயா. அடிக்க முடியாம இல்ல, ஆள் இருந்தாங்க. அடிக்கல. அதை யாரும் அகிம்சைன்னு எழுதல. பயந்துட்டாங்கன்னுதான் எழுதினாங்க.


அரூர்_வாத்தியார்
திங்கள், இரவு 10.20

இதற்கு என்னால் பதில் எழுத முடியவில்லை.


நடத்துநர்
செவ்வாய், காலை 7.00

கிராமத்தின் பெயரை ஊகித்து எழுதிய இரண்டு பதிவுகளையும், ஒரு கட்சியைத் திட்டிய ஒன்றையும் எடுத்துவிட்டேன். இழை நன்றாகப் போகிறது, கெடுக்க வேண்டாம்.


புள்ளிவிவரப்_புலி
செவ்வாய், காலை 10.30

எரிகா செனோவெத், மரியா ஸ்டீபன்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1900ல இருந்து 2006 வரைக்கும் உலகத்துல நடந்த 323 பெரிய போராட்டங்களை எடுத்துப் பாத்தாங்க. ஆயுதம் இல்லாதது 53 சதவீதம் ஜெயிச்சது, ஆயுதப் போராட்டம் 26 சதவீதம். காரணம் ரொம்ப எளிசு. ஆயுதம் தூக்க இளவட்டம்தான் வரும். ஆயுதம் இல்லன்னா கிழவி, பிள்ளைத்தாய்ச்சி, வாத்தியார், கடைக்காரன் எல்லாரும் வரலாம்.


களியும்_கடைசலும்
செவ்வாய், மதியம் 2.45

புலி அண்ணா, அந்த 323ல சுடுகாட்டுப் பாதை எத்தனை? அதெல்லாம் ராஜாவை இறக்கற கணக்கு. பக்கத்துத் தோட்டக்காரரை இறக்கறது வேற கணக்கு. ராஜா ஓடிப்போயிடுவான். தோட்டக்காரர் நாளைக்குக் காலையிலயும் அங்கதான் இருப்பார், அவர்கிட்டதான் வேலைக்குப் போகணும்.

ஆனா "கிழவி வரலாம்"னு சொன்னீங்களே, அது சரி. அதைப் பிடிச்சுக்கிட்டு சொல்றேன். நான் பாலக்கோட்டுப் பக்கம். எங்க ஊர்ல ஒரு தக்காளித் தோட்டக்காரர் ஒரு பொம்பளையைக் கை நீட்டிட்டார். நாங்க மனுவும் கொடுக்கல, மறியலும் பண்ணல. மறுநாள் காலையில ஒருத்தியும் அவர் தோட்டத்துக்குப் போகல. தக்காளி பழுத்து நிக்குது. தக்காளிக்குப் பொறுமை கிடையாது, மூணு நாள்தான். அவர் டெம்போ வச்சு வேற ஊர்ல இருந்து ஆள் இறக்கினார். நாங்க என்ன செஞ்சோம்? அந்தப் பொம்பளைங்களைத் திட்டல. மத்தியானம் அவங்க சாப்பிட உக்காந்த மரத்தடிக்குக் களியும் கடைசலும் எடுத்துட்டுப் போனோம். "நீங்க ஏன் வந்தீங்கன்னு கேக்க வரல. நாங்க ஏன் வரலன்னு சொல்ல வந்தோம்." அவ்வளவுதான் பேச்சு. அடுத்த நாள் டெம்போ பாதிதான் வந்துச்சு. அதுக்கடுத்த நாள் அவர் பொண்டாட்டி எங்க தெருவுக்கு வந்தாங்க. அவர் வரல, அந்த அம்மாதான் வந்தாங்க. மன்னிப்புக் கேட்டது அந்த அம்மா.

முழு ஜெயிப்பு இல்ல. ஆனா அதுக்கப்புறம் கை நீளல.

பெங்களூர் தம்பி, அந்த வேலிக்காரர் தோட்டத்துல யார் வேலை செய்யறா? களை எடுக்கிறது யாரு?


பெங்களூர்_கடைசி_பஸ்
செவ்வாய், இரவு 11.30

அக்கா, அதுதான் சிக்கல். எங்க தெருவுல பாதிப் பேர் பெங்களூர்ல கட்டட வேலை. இருக்கிற பொம்பளைங்கள்ல பத்துப் பன்னெண்டு பேரு அவர் தோட்டத்துக்குத்தான் போறாங்க. மரவள்ளி, மஞ்சள். எங்க அம்மாவும். மாமியாரைச் சுத்தி எடுத்துட்டுப் போக வச்ச ஆள்கிட்டயே அம்மா களை வெட்டப் போகுது. கேட்டா "கடன் வாங்கியிருக்கேன்டா"ங்குது. இது எனக்கு இப்பதான் தெரியும்.


பஞ்சப்பள்ளி_மதகு
புதன், காலை 8.10

களி அக்காவோட வழியைப் பின்பத்தும்போது ஒண்ணு மறந்துடாதீங்க. வேலைக்கு வரமாட்டோம்ங்கிறது நம்ம ஆயுதம்னா, கடையில சாமான் தரமாட்டோம், பால் வாங்கமாட்டோம், தண்ணிக் குழாய் திறக்கமாட்டோம்ங்கிறது அவங்க ஆயுதம். ஊர்க்கட்டுப்பாடுன்னு பேரு. அதுலயும் ரத்தம் வராது. அதுவும் அகிம்சையா?

எங்க பக்கம் ஒரு கட்டுப்பாடு ஏழு வாரம் ஓடுச்சு. குழந்தைக்குப் பால் வாங்க ஆறு கிலோமீட்டர் போனோம். எந்த ஆஸ்பத்திரி ரெக்கார்டுலயும் அது வராது. அடிபட்டாத்தானே காயச் சான்றிதழ்.

ரத்தம் வருதா இல்லையாங்கிறதை வச்சு அகிம்சையை அளக்காதீங்கன்னு சொல்ல வந்தேன்.


அரூர்_வாத்தியார்
புதன், காலை 9.30

மதகு ஐயா, இந்த இழையிலேயே ஆழமான கேள்வி இது. எனக்குத் தோன்றுவது: வேலைக்குப் போகாதவள் தன் கூலியை முதலில் இழக்கிறாள். கஷ்டம் அவளுக்குத்தான் முதலில். பால் தரமாட்டேன் என்பவன் எதையும் இழப்பதில்லை, கஷ்டம் முழுவதும் குழந்தைக்கு. மேலிருந்து கீழே போடுகிற கல்லும் கீழிருந்து மேலே எறிகிற கல்லும் ஒரே எடைதான், விழுகிற வேகம் ஒன்றா?

பாதை என்றதும் கேரளத்து வைக்கம் ஞாபகம் வருகிறது. அதுவும் பாதைப் போராட்டம்தான். கோயிலுக்குள் நுழைய அல்ல, கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் தாழ்த்தப்பட்டவர்கள் நடக்க. 1924 மார்ச் 30 அன்று தொடங்கி 603 நாள். பெரியார் ஈரோட்டிலிருந்து போய் இரண்டு முறை ஜெயிலுக்குப் போனார். அந்த வருஷ வெள்ளத்தில் தொண்டர்கள் தடுப்புக் கட்டைக்கு முன்னால் தண்ணீரில் நின்றார்கள், போலீஸ்காரன் படகில் நின்றான். முடிவில் மூன்று தெரு திறந்தது. கிழக்குத் தெரு திறக்கவில்லை. கோயில் கதவு திறக்க 1936 ஆயிற்று. அதில் நான் முக்கியமாக நினைப்பது, மன்னத்து பத்மநாபன் தலைமையில் மேல்சாதிக்காரர்களே திருவனந்தபுரம் வரை நடந்து போய் திருவிதாங்கூர் மகாராணியிடம் மனு கொடுத்தது. "எங்கள் தெருவில் இவர்கள் நடக்கட்டும்" என்று, 25,000 பேர் கையெழுத்தோடு. சட்டசபையில் தீர்மானம் ஒரே ஓட்டில் தோற்றது, 21க்கு 22. தோற்றாலும் அதற்குப் பிறகு "ஊரே எதிர்க்கிறது" என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

தம்பி, உங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர்கூடவா இல்லை?


பெயர்_வேண்டாம்_77
புதன், இரவு 12.40

நான் ஊர்ப் பக்கத்து ஆள். இந்த ஊர் இல்ல, வேற ஊர், ஆனா எங்க ஊர்லயும் இதே கதை உண்டு. எங்க பெரியப்பாதான் வேலி போட்டவர். நாலு வருஷம் முன்னாடி.

எனக்கு அது தப்புன்னு தெரியும். எங்க வீட்டுல இன்னும் ரெண்டு பேருக்குத் தெரியும். நாங்க யாரும் வாய் திறக்கல. பெரியப்பா சாப்பாட்டுல இருந்து எந்திரிச்சுப் போயிடுவார், அத்தை அழுவாங்க, பங்காளி சண்டை வரும். இவ்வளவுதான் எங்க பயம். அந்தப் பக்கம் பாடை ஏரிக்கரை சுத்துது, இந்தப் பக்கம் சாப்பாட்டு நேரத்துச் சண்டைக்குப் பயம்.

அவங்க ஒரு தடவை எங்க வீட்டு முன்னாடி வந்து சும்மா உக்காந்திருந்தா நான் வெளிய வந்திருப்பேனான்னு யோசிக்கிறேன். வந்திருப்பேன்னுதான் நினைக்கிறேன். ஜேசிபி வந்திருந்தா கண்டிப்பா பெரியப்பா பக்கம்தான் நின்னிருப்பேன். இதை எழுதவே வெக்கமா இருக்கு.


மொரப்பூர்_ஜங்ஷன்
வியாழன், காலை 7.45

77, எழுதினதுக்கு நன்றி. ஆனா உங்களை வெளிய கொண்டுவர அவங்க வந்து உக்காரணுமா? நீங்களா எந்திரிச்சு வர முடியாதா? அகிம்சையில எனக்கிருக்கிற முதல் வழக்கு இதுதான். அடிபடறவன் அழகா அடிபட்டாத்தான் பாக்கறவனுக்கு மனசாட்சி வருது.

தலித்துங்க தொடக்கூடாதுன்னு மறிச்சிருந்த மகாட் குளத்துல அம்பேத்கர் 1927 மார்ச் 20 தண்ணி குடிச்சார். குடிச்சுட்டுத் திரும்பின சனத்தை அடிச்சாங்க. அவர் திருப்பி அடிக்கச் சொல்லல. மேல்சாதிக்காரங்க அவர் மேல கேஸ் போட்டாங்க, அவர் கோர்ட்டுலயே எதிர்த்து நின்னார். தீர்ப்பு வந்தது 1937. ஒரு கை தண்ணிக்குப் பத்து வருஷம். 1949 நவம்பர்ல அதே அம்பேத்கர்தான் சொன்னார், அரசியல் சட்ட வழி திறந்திருக்கும்போது சத்தியாக்கிரகத்தையும் விட்டுடணும்னு. வழி திறந்திருக்கும்போதுன்னு சொன்னார். திறந்திருக்கான்னு தாலுகா ஆபீஸ்ல போய்த்தான் பாக்கணும்.


பெயர்_வேண்டாம்_77
வியாழன், காலை 8.30

நியாயம்.


எட்டுவழி_எதிரி
வியாழன், மாலை 6.00

பாப்பிரெட்டிப்பட்டியில இருந்து. சேலம்-சென்னை எட்டு வழிச் சாலைக்கு 2018ல கல் நட வந்தப்ப எங்க பக்கம் கிழவிங்க நிலத்துல படுத்துட்டாங்க. 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய்த் திட்டம். 2019 ஏப்ரல்ல ஹைகோர்ட் நில எடுப்பை ரத்து பண்ணுச்சு. 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் பாதி திருப்பிக் கொடுத்துச்சு. ஆனா ரோடு வரல. எங்க தென்னை அங்கதான் இருக்கு.

எங்களுக்கு உதவினது ஒண்ணே ஒண்ணு. அஞ்சு மாவட்டத்துலயும் ஒரே மாதிரி அடங்கி நின்னோம். ஒரு இடத்துல ஒருத்தன் ஜீப்பை எரிச்சிருந்தா அஞ்சு மாவட்டமும் போயிருக்கும். 1922ல சௌரி சௌராவுல 22 போலீஸ்காரங்க செத்ததும் காந்தி நாடு முழுக்கப் போராட்டத்தையே நிறுத்தினாரே, சின்ன வயசுல அதைப் படிக்கும்போது கோழைத்தனம்னு நினைச்சேன். நிலத்துல படுத்தப்பதான் புரிஞ்சுது.


பெங்களூர்_கடைசி_பஸ்
ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கம். சொல்லாம விட்டா தப்பு, அதான் வந்தேன்.

குமாஸ்தா அண்ணா சொன்னபடி புலப்படம் வாங்கினோம். புள்ளிக்கோடு இருக்கு. சித்தப்பா அதைப் பாத்துட்டு ரொம்ப நேரம் விரலால தடவிக்கிட்டே இருந்தார். சட்டப் பிரிவு போட்டு மனு எழுதினோம். சர்வேயர் வர்றேன்னார், ரெண்டு தடவை வரல.

அதுக்குள்ள மேலத்தெரு தாத்தா ஒருத்தர் தவறிட்டார். நாங்க முன்கூட்டியே பேசி வச்சிருந்தோம் (தொரப்பள்ளி அண்ணன் சொன்ன பொட்டலக் கதைதான்). யாரும் குடிச்சுட்டு வரக்கூடாது. பறை முன்னாடி போகட்டும், சத்தம் வேண்டாம். யாரும் கம்பியைத் தொடக்கூடாது. வி.ஏ.ஓ.வுக்கும் ஸ்டேஷனுக்கும் காலையிலயே எழுத்துல கொடுத்தாச்சு, இத்தனை மணிக்கு இந்தப் பாதையில போறோம்னு. அம்மா உள்பட பன்னெண்டு பொம்பளைங்களும் அன்னைக்கு வேலைக்குப் போகல. கடனுக்கு என்ன பண்றதுன்னு இன்னும் தெரியல.

வேலி முன்னாடி பாடையை இறக்கி வச்சுட்டு உக்காந்தோம். பதினொண்ணு மணிக்கு உக்காந்தது. வெயில். ஜேசிபிக்குச் சொன்ன அதே பசங்கதான் பொணத்துக்குத் துணி பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. அதுல ஒருத்தன் கை நடுங்கினதைப் பாத்தேன், கோவத்துல. மூணு மணிக்கு மேல போலீஸ், ஆர்.ஐ., எல்லாம் வந்தாங்க. அவர் வரல. அவர் தம்பி வந்தார். ஒண்ணும் பேசல. கட்டிங் பிளேயர் கொண்டுவந்து ரெண்டு கல்லுக்காலுக்கு நடுவுல இருந்த கம்பியை அவரே வெட்டினார். நாங்க போனோம்.

மறுநாள் பாத்தா அந்த இடத்துல இரும்பு கேட் வச்சிருக்காங்க. பூட்டு இல்ல, கொண்டி மட்டும்.


கல்மூக்கு
ஞாயிறு, இரவு 9.35

தம்பி, படிச்சு முடிச்சுட்டு வெளிய போய் நின்னுட்டு வந்தேன். நல்லா செஞ்சீங்க.

ஆனா கேட்டுன்னா அது பாதை இல்ல, அனுமதி. இன்னைக்குக் கொண்டி, நாளைக்குப் பூட்டு.


களியும்_கடைசலும்
ஞாயிறு, இரவு 9.50

கல்மூக்கு சொல்றது சரி. கேட்டை ஒத்துக்கிட்டதா எதுலயும் கையெழுத்து போட்டுடாதீங்க. வெட்டின அந்தத் தம்பிகிட்ட யாராவது போய் ஒரு வார்த்தை பேசினீங்களா? நன்றி சொல்லணும்னு இல்ல. சும்மா பேசணும்.

அம்மாவை மத்தவங்க தோட்டத்துக்குக் கூப்பிட ஆள் இருக்கா பாரு. எங்க பக்கம் வேலை இருக்கு, பஸ் சார்ஜ் கட்டுப்படியாகுமான்னு பாத்துச் சொல்றேன்.


பெங்களூர்_கடைசி_பஸ்
ஞாயிறு, இரவு 10.15

யாரும் பேசல அக்கா. நாளைக்குச் சித்தப்பா போறேன்னு சொல்லியிருக்கார்.

அண்ணா, கேட்டையும் எடுக்கச் சொல்லி அடுத்த மனு எழுதிட்டோம். இந்தத் தடவை "வேண்டுகிறோம்"னு ஒரு இடத்துலகூட இல்ல. திங்கக்கிழமை மனு நாள், லீவு சொல்லியாச்சு. சர்வேயர் அன்னைக்கும் வரலன்னா அதுக்கடுத்த திங்கக்கிழமைக்கும் சொல்லி வச்சிருக்கேன். ஓனர் "எத்தனை திங்கக்கிழமைடா"ன்னார். தெரியலன்னேன்.